மா மியாவிடம் கற்ற பேச்சு

போன மாதம் பெரம்பலூரிலிருந்து இரண்டு நர்ஸ் பெண்கள் என்னைத் தேடி வந்தார்கள். இருவருக்கும் சவுதியில் வேலை கிடைத்திருக்கிறது. கையில் ஆளுக்கொரு அரபிப் புத்தகம். "சிஸ்டர், நீங்க ஒரு காலத்துல பர்மா பாஷை பேசுவீங்களாமே, எப்படிக் கத்துக்கிட்டீங்க? எங்களுக்கு அதிக நாள் இல்ல" என்றாள் மூத்தவள். எனக்குத் தெரிந்த வழியைச் சொல்லி அனுப்பினேன். சொல்லாமல் விட்டதும் உண்டு. விமானம் ஏறப் போகிற சந்தோஷத்தில் இருந்தவர்களிடம் அதைச் சொல்ல மனம் வரவில்லை. அதை இங்கே எழுதுகிறேன்.

நான் குரும்பலூர்க்காரி. கல்யாணமான இரண்டாம் வருஷமே தாலி அறுத்துவிட்டு வந்து அண்ணன் வீட்டில் உட்கார்ந்தவள். அண்ணன்தான் என்னைத் திருச்சிக்கு மருத்துவச்சிப் படிப்புக்கு அனுப்பினார். படிப்பைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஊசி, கத்தரிக்கோல், கொதிக்கிற தண்ணீர், திட்டு. முடித்ததும் அரியலூருக்கும் பெரம்பலூருக்கும் நடுவில் ஓர் ஊரில் இருந்த ஜில்லா போர்டு ஆஸ்பத்திரியில் வேலை கொடுத்தார்கள். ஆஸ்பத்திரி என்றால் ஓட்டுக் கட்டடம், பெண்களுக்கென்று நாலு கட்டில், ஒரு கம்பவுண்டர், நான், டாக்டரம்மா.

டாக்டரம்மா திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். கல்யாணம் செய்துகொள்ளாதவர். கடப்பை, பெல்லாரி என்று மாற்றலாகி மாற்றலாகி எங்களிடம் வந்து சேர்ந்தவர். கோபம் வந்தால் மற்றவர்களுக்குக் குரல் ஏறும், அவருக்கு இறங்கும். காது கொடுத்துக் கேட்க வேண்டியிருக்கும். அவர் கை கழுவ நான் தண்ணீர் ஊற்ற வேண்டும். முழங்கை வரை சோப்புப் போட்டுத் தேய்த்தபடி, என் முகத்தைப் பார்க்காமலே, அன்றைக்கு நான் எங்கெங்கே தவறினேன் என்று சொல்லிக்கொண்டே போவார். ஊற்றுகிற தண்ணீர் விட்டுவிட்டு விழுந்தால் அதையும் சொல்வார்.

அவர் வைத்த சட்டம் ஒன்று. எந்தப் பெண் மேலும் சொல்லாமல் கை வைக்கக் கூடாது. "என்ன செய்யப் போறேன்னு சொல்லு. அவ தலையை ஆட்டட்டும். அப்புறம் கையை வை." அந்தக் காலத்தில் நோயாளியிடம் யாரும் எதையும் சொல்வதில்லை. மாட்டை மடக்குவதுபோல மடக்கிப் படுக்க வைப்பார்கள். அதனால் எனக்கு அந்தச் சட்டம் முதலில் வேடிக்கையாக இருந்தது.

முதல் தடவை வருகிற கர்ப்பிணியிடம் மூன்று கேள்வி கேட்க வேண்டும். எத்தனை பிறந்தது, எத்தனை இருக்கிறது, எத்தனை போயிற்று. முதல் இரண்டுக்கும் பதில் டக்கென்று வரும். மூன்றாவதைக் கேட்டுவிட்டு நான் காத்திருக்க வேண்டும். முந்தானையை முறுக்குவார்கள், சுவரைப் பார்ப்பார்கள். கூட வந்தவர்கள் முந்திக்கொண்டு சொன்னாலும் எழுதக் கூடாது. பெற்றவள் வாயிலிருந்து வந்தால்தான் எழுத வேண்டும் என்பது டாக்டரம்மாவின் கண்டிப்பு.

நாற்பத்திரண்டாம் வருஷம். ஜப்பான்காரன் ரங்கூனில் குண்டு போட்டுவிட்டான் என்று பிழைக்கப் போனவர்கள் எல்லாம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தார்கள். உடையார்பாளையம் பக்கத்திலிருந்தும் நிறையப் பேர் அங்கே போயிருந்தார்கள். சிலர் வந்தார்கள். பலர் வரவில்லை. வந்தவர்களைப் பார்த்தால் நடந்தே வந்தார்கள் என்று கேட்காமலே தெரியும்.

அப்படி வந்தவன் கலியபெருமாள். அரிசி மில்லில் வேலை பார்த்தவன். கூட ஒரு பர்மாக்காரப் பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்திருந்தான். ஐப்பசி பிறப்பதற்கு முன் ஒரு நாள் அவளை மாட்டு வண்டியில் வைத்து எங்களிடம் கொண்டுவந்தான். அவன் தாயாரும் கூட வந்தாள். ஏழு மாசம் போலத் தெரிந்தது. முகம் ஊதியிருந்தது. பாதம் இரண்டும் பொங்கி, விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது.

பேர் கேட்டேன். "மா மியா" என்றான். கம்பவுண்டர் சிரித்துவிட்டார். கிழவிக்குப் பொறுக்கவில்லை. "பாருங்க தாயி, மருமவ பேரு மாமியாவாம். இவ எனக்கு மாமியா, நான் இவளுக்கு மாமியா. ஊரே சிரிக்குது" என்றாள்.

கேள்விகளை நான் தமிழில் கேட்டேன். அவன் அவளிடம் அவர்கள் பேச்சில் கேட்டான்.

"எத்தனை பொறந்தது?"

"ஒண்ணுங்க. பொட்டப் புள்ள. நாலு வயசு."

"எத்தனை இருக்கு?"

அவன் அவளைக் கேட்கவில்லை. "வர்ற வழியில மலையில போயிடுச்சுங்க" என்றான்.

அதுவரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவள் தலையைத் திருப்பி, "மதேபூ" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். அவன் பேசாமல் இருக்கவே, மறுபடியும் சொன்னாள்.

"என்ன சொல்றா?" என்றார் டாக்டரம்மா.

"தெரியாதுங்கறாங்க."

டாக்டரம்மா அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என்னிடம், "எழுதாதே. காலியா விடு" என்றார்.

மூத்திரத்தைச் சோதித்தேன். கண்ணாடிக் குழாயில் முக்கால்வாசி எடுத்து, குழாயைச் சாய்த்துப் பிடித்து, மேல் பகுதியை மட்டும் ஸ்பிரிட் விளக்கில் காட்ட வேண்டும். கீழே தெளிவாக இருக்கும். நோய் இருந்தால் மேலே வெள்ளையாகத் திரியும். ஆசிட் ஒரு சொட்டு விட்டும் கலையாமல் நின்றால் நிச்சயம். அவளுடையது பால் திரிந்ததுபோல் திரிந்து நின்றது.

கை கழுவும்போது டாக்டரம்மாவின் குரல் இறங்கியிருந்தது.

"உப்பில்லாம சாப்பாடு. படுக்கையை விட்டு எறங்கக் கூடாது. பிரசவம் வரைக்கும் இங்கதான். தலைவலி, கண் மங்கல், நெஞ்சுக்குழியில வலி. இதுல எது வந்தாலும் அடுத்தது வலிப்பு ஜன்னிதான். வந்த நிமிஷம் எனக்குத் தெரியணும். அவ சொன்னா உனக்குப் புரியுமா?"

"அவ புருஷன்கிட்ட கேட்டு..."

"அவன் அறுப்புக்குப் போயிடுவான். அதுவும் இல்லாம, பெத்த புள்ள போச்சா இருக்கான்னு தாய்க்குத் தெரியாதுன்னு சொல்றான். அவன்கிட்ட கேக்காதே. அவகிட்டயே கத்துக்க."

நான் விழித்தேன். தமிழைத் தவிர எனக்குத் தெரிந்தது மருந்துச் சீசாக்களில் இருக்கும் இங்கிலீஷ் பேர்கள்தான். அவளே தமிழ் கற்றுக்கொள்ளட்டுமே என்றேன்.

"உயிர் யாரோடது ஊசலாடுதோ அவளா கத்துக்கணும்? நீ நல்லா இருக்கே. நீ கத்துக்க."

கடப்பையில் தெலுங்கும், பெல்லாரியில் கன்னடமும் அவர் அப்படித்தான் கற்றாராம். பேசத் துணையில்லாமல் பைத்தியம் பிடித்துவிடும் என்ற பயத்தில் கற்றதாக ஒரே ஒரு தடவை சொன்னார். முதலில் பேனாவை எடுக்கக் கூடாது என்றார். தமிழ் எழுத்தில் எழுதினால் தமிழாகத்தான் வாயில் வரும். ஒற்றை வார்த்தையாகக் கேட்காதே, பேசுகிறபடியே முழுசாக வாங்கு. புரியாததற்குத் தலையாட்டாதே. தப்பாகப் பேசி அவள் சிரித்தால் அன்றைக்கு நல்ல நாள் என்று வைத்துக்கொள். இவ்வளவுதான் அவர் சொன்ன பாடம்.

முதல் சில நாள் மா மியா வாயே திறக்கவில்லை. கஞ்சியை வைத்தால் பாதி குடிப்பாள். நான் கட்டிலருகே உட்கார்ந்து பஞ்சு உருட்டிக்கொண்டிருப்பேன். ஒரு நாள் நான் உருட்டுவதைக் காட்டி, "தா பா லே?" என்றாள். "பஞ்சு" என்றேன். நானும் அவள் கையிலிருந்த தண்ணீர்க் குவளையைக் காட்டி, "தா பா லே?" என்றேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். தண்ணீரில் விரலை நனைத்து, "யே" என்றாள். இது என்ன என்று கேட்கத் தெரிந்துவிட்டால் ஒரு பாஷையின் கதவுத் தாழ்ப்பாள் கையில் வந்த மாதிரி. அன்று ஆஸ்பத்திரியில் இருந்த சாமான்களையெல்லாம் கேட்டுத் தீர்த்தேன்.

பிறகு உடம்புக்கு வந்தோம். தலையைப் பிடித்து முகத்தைச் சுளித்துக் காட்டினேன். "கவுங் கைத்தே" என்றாள். கண், "மியெத்சி". கேள்வி கேட்பது நினைத்ததைவிடச் சுலபமாக இருந்தது. நாம் 'வலிக்குது' என்பதன் கடைசியில் 'ஆ' போட்டு 'வலிக்குதா' என்று கேட்கிறோம். அவர்கள் 'லா' போடுகிறார்கள். வினையும் நம்மைப் போலவே கடைசியில்தான் வருகிறது. வார்த்தைதான் வேறே தவிர வாக்கியம் நடக்கிற நடை ஒன்று என்று தெரிந்ததும் எனக்குப் பயம் விட்டது.

கஷ்டமெல்லாம் ராகத்தில்தான். ஒரே எழுத்தைத் தாழ்த்தி நீட்டினால் ஒரு பொருள், தொண்டையில் வெட்டினால் வேறு பொருள். அவளைப் பக்கத்துக் கட்டிலுக்கு மாற்ற வேண்டியிருந்தபோது, வா என்பதற்கு அவள் பேச்சில் 'லா, லா' என்று கூப்பிட்டேன். அவள் முதலில் விழித்தாள், பிறகு வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். ஜன்னலைத் திறந்து வானத்தைக் காட்டி, கையால் வட்டம் போட்டுக் காண்பித்தாள். நீட்ட வேண்டியதைத் தொண்டையில் வெட்டி, நான் நிலா, நிலா என்று கூப்பிட்டிருக்கிறேன். அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல். அதற்குப் பிறகு அதிகம் பார்க்கவும் இல்லை.

இல்லை என்று சொல்லும் விதத்தையும் பிடித்துக்கொண்டேன். முன்னால் 'ம', பின்னால் 'பூ', நடுவில் வினை. வலிக்கவில்லை, வேண்டாம், இல்லை எல்லாம் இந்தக் கூட்டுக்குள் அடங்கும். செய்யாதே என்று சொல்ல 'பூ'வுக்குப் பதில் 'நே'. பயப்படாதே என்பதற்கு "மசவ்நே".

கலியபெருமாள் வாரம் ஒரு தடவை வருவான். அவன் வந்தால் அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாள். நான் அவள் பேச்சில் பேசுவதைக் கேட்டு அவன் முகம் வெளிறும். "எதுக்கும்மா ஒங்களுக்கு இந்தச் செரமம்? நான் சொல்றேன்ல" என்பான். அவன் எனக்கு ஒரு வார்த்தையும் தப்பாகச் சொல்லித்தரவில்லை. எதையுமே சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான்.

அடுத்த கட்டிலில் பாடாலூரிலிருந்து வந்த ஒரு பெண்ணுக்குக் குறைமாதத்தில் குழந்தை பிறந்தது. கோழிக்குஞ்சு மாதிரி இருந்தது. ஒரு பொழுது மூச்சு விட்டது. காலையில் நான் அதைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போகும்போது மா மியா எழுந்து உட்கார்ந்திருந்தாள். என் கையில் இருந்ததைப் பார்த்துவிட்டு, "தே பீ" என்றாள். அந்தத் தாயைப் பார்த்து, இன்னொரு தடவை, "கலே தே பீ" என்றாள். கலே என்றால் குழந்தை என்று எனக்குத் தெரியும். குழந்தை செத்துவிட்டது.

துணியோடு வராந்தாவில் நின்றுவிட்டேன். 'தே' என்றால் சாவு. முன்னால் 'ம', பின்னால் 'பூ'. முதல் நாள் அவள் இரண்டு தடவை சொன்ன 'மதேபூ' என் காதில் அப்படியே இருந்தது.

ஆனாலும் சந்தேகம். காது ஏமாற்றும். அன்று மத்தியானம் அவளிடம் போய், அவளுக்கு நிச்சயமாகத் தெரியாத ஒன்றைக் கேட்டேன். ஜன்னலுக்கு வெளியே போன ஒரு பெண்ணைக் காட்டி அவள் பேர் என்ன என்றேன். மா மியா உதட்டைப் பிதுக்கி, "மதிபூ" என்றாள். தெரியாது. 'தி' வேறு, 'தே' வேறு. இடையில் ஓர் உயிரெழுத்துதான் வித்தியாசம்.

நான் கட்டிலில் உட்கார்ந்தேன். வயிற்றைக் காட்டாமல், அவள் இடுப்பருகே நாலு வயதுப் பிள்ளையின் உயரத்துக்குக் கையை வைத்துக் காட்டி, "கலே, மதிபூ?" என்றேன். அவள் என்னையே பார்த்தாள். "மதேபூ?" என்றேன்.

என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த ஊதிப்போன விரல்களில் அவ்வளவு பலம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. "மதேபூ, மதேபூ, மதேபூ" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அழவில்லை. மூச்சு முட்டுகிறவள் ஜன்னலைத் திறந்துவிட்டதும் இழுப்பாளே, அப்படி இருந்தது.

அதற்குப் பிறகு வந்ததெல்லாம் துண்டு துண்டாகத்தான் எனக்குப் புரிந்தது. குழந்தையின் பேர் ஷுவே. பொன் என்று அர்த்தம். தன் காதுத் தோட்டைத் தொட்டுக் காட்டினாள். தகப்பன் பொன்னி என்று கூப்பிடுவானாம். மலை. காய்ச்சல். போங்ஜி என்று ஒரு வார்த்தை அடிக்கடி வந்தது. எனக்கு விளங்கவில்லை என்றதும் தலையைத் தடவி மொட்டை என்று காட்டி, மஞ்சள் தோய்ந்த துணியைத் தோளில் போர்த்திக் காட்டினாள். சாமியார். சாமியார் மடத்தில் ஷுவே இருக்கிறாள். உயிரோடு விட்டுவிட்டு வந்தார்கள்.

டாக்டரம்மாவிடம் சொன்னேன். அடுத்த தடவை கலியபெருமாள் வந்தபோது அவனை உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அவன் உட்காரவில்லை.

"பொன்னியை எங்க விட்டே?"

அவனுக்கு எங்கிருந்து இந்தப் பேர் இவர் வாய்க்கு வந்தது என்று புரிய நேரமாயிற்று. என்னைப் பார்த்தான். அப்படியே சுவரோரம் குந்திவிட்டான்.

"எனக்கு ஒரு முதுகுதாங்க அம்மா. இவளுக்கும் காய்ச்ச, புள்ளைக்கும் காய்ச்ச. அந்த மலையில வண்டி போவாது. முன்னால போறவன் விழுந்தா தாண்டிக்கிட்டுத்தான் போவணும். மடத்துல ஒரு பெரியவரு இருந்தாரு. வச்சுட்டுப் போ, பொழச்சா வளக்கறேன்னாரு. வச்சுட்டு இவளைத் தூக்கிக்கிட்டு நடந்தேன். எங்க ஆத்தாகிட்ட எப்புடிங்க சொல்றது, உசுரோட உட்டுட்டு வந்தேன்னு? செத்துப்போச்சுன்னா அழுதுட்டு விட்டுடுவாங்க. வூட்டுல வெளக்கேத்திட்டாங்க. இவ மட்டும் ஒத்துக்க மாட்டேங்கறா."

"பொழச்சிருக்காதுன்னு உனக்குத் தெரியுமா?"

"ஒடம்பு அனலா கொதிச்சுதுங்க" என்றான். பிறகு, "தெரியாதுங்க" என்றான்.

"அது நீ சொல்ல வேண்டிய வார்த்தை. அதைத் தூக்கி அவ வாயில வச்சுட்டே" என்றார் டாக்டரம்மா. அந்தக் குரலைக் கேட்க நான் குனிய வேண்டியிருந்தது.

தாயாரிடம் அவனே சொல்ல வேண்டும் என்று அனுப்பினார். மறுநாள் கிழவி வந்தாள். ஆடுவாள், அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் மருமகளின் கட்டிலருகே நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள். என்னிடம், "எல்லாருக்கும் சொல்லியாச்சு தாயி. சாதி சனம் வந்து துக்கம் கேட்டுட்டுப் போயிட்டாங்க. இனிமே உசுரோட இருக்குன்னு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்றது? செத்ததுன்னே இருக்கட்டும்" என்றாள். மா மியா என்னைப் பார்த்தாள். கிழவி என்ன சொன்னாள் என்று அவளுக்கு நான் சொல்ல வேண்டும். தொடுவதற்கு முன் சொல் என்ற சட்டம் எவ்வளவு பாரமானது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. எனக்குத் தெரிந்த பேச்சில் அதை மெதுவாகச் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள்.

கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு நாள் பிற்பகல் அவளுக்குக் கஞ்சி கொண்டுபோனேன். வேண்டாம் என்று கையால் தள்ளிவிட்டு, "கவுங் கைத்தே" என்றாள். விளக்கு ஏற்றவில்லையே, ஏன் இருட்டாக இருக்கிறது என்ற மாதிரி என்னவோ கேட்டாள். அப்போது நல்ல வெளிச்சம். "மியெத்சி?" என்றேன். மங்கலாக இருக்கிறது என்றாள். நான் ஓடினேன்.

ஊசி போட்டு, ஜன்னலை எல்லாம் கறுப்புக் கம்பளியால் மூடி, வாசலில் கம்பவுண்டரை நிறுத்தி யாரும் சத்தம் போடாமல் பார்த்துக்கொண்டோம். சின்னச் சத்தம் கேட்டாலும், சொல்லாமல் தொட்டாலும் ஜன்னி வரும். ஒவ்வொரு தடவையும் தொடுவதற்கு முன் அவள் காதருகே அவள் பேச்சில் சொன்னேன். ஊசி. கால். தண்ணீர். மசவ்நே. அப்படியும் ஒரு தடவை வந்துவிட்டது. பற்களுக்கு நடுவே துணி சுற்றிய கரண்டியைக் கொடுத்துப் பிடித்துக்கொண்டோம். உடம்பு வில்லாக வளைந்தது, முகம் நீலமாயிற்று. ஆனால் அது ஒன்றோடு நின்றது. பொழுது விடிவதற்குள் ஆண் குழந்தை பிறந்தது. அழுதது.

முன்கூட்டியே மருந்து போட்டதால்தான் இரண்டு உயிரும் தப்பின என்று டாக்டரம்மா கை கழுவும்போது சொன்னார். அவர் எனக்குச் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அது. அடுத்த வருஷம் அவருக்கு மாற்றலாகிவிட்டது. கரி போட்டு ஓடுகிற பஸ்ஸில் ஏறி, புகைக்குக் கண்ணைக் கசக்கிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை.

மா மியாவுக்குப் பார்வை திரும்ப வாரக்கணக்கில் ஆயிற்று. பையனைக் கிழவி மடியிலிருந்து இறக்கவே மாட்டாள். பால் கொடுக்க மட்டும் தாயிடம் வரும். அரியலூர்ச் சந்தையில் எப்போதாவது அவளைப் பார்ப்பேன். தமிழ் வேகமாக வந்திருந்தது. யார் கற்றுக்கொடுத்தது என்று கேட்டால், "சண்டை" என்பாள். மாமியாரோடு சண்டை போட்டுச் சண்டை போட்டு, உடையார்பாளையத்துப் பேச்சு அச்சாக அவள் நாக்கில் ஏறிவிட்டது. எங்கள் இருவரிடையே பர்மாப் பேச்சு குறைந்து தமிழ் கூடியது. எனக்கும் அது சௌகரியமாக இருந்தது.

யுத்தம் முடிந்து கப்பல் விட்டார்கள். திரும்பிப் போகும் சில குடும்பங்களோடு அவளும் புறப்பட்டாள். கலியபெருமாளைக் கூப்பிட்டிருக்கிறாள். "அந்த மலையை இன்னொரு தடவை பாக்க என்னால ஆவாது" என்றுவிட்டான். பையனைத் தர மாட்டோம் என்று குடும்பமே ஒரு சொல்லாக நின்றது. அவனுக்கு அப்போது நாலு வயது முடியவில்லை. வழியனுப்ப வந்தால் அழுவான் என்று அவனை ஜெயங்கொண்டத்துக்கு அத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டிருந்தார்கள்.

அரியலூர் ஸ்டேஷனுக்கு நான் போனேன். ஒரு மூட்டையும் தகரப் பெட்டியும் வைத்திருந்தாள். கலியபெருமாள் தூரத்தில் தண்ணீர்த் தொட்டியருகே நின்றான், பக்கத்தில் வரவில்லை.

"பையனை விட்டுட்டுப் போறியே மியா" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

"இவன் இருக்கான்னு எனக்குத் தெரியும் யக்கா. சோறு போட ஆளு இருக்கு. அதுக்கு யாரு இருக்கா?" என்றாள். மூட்டையை இழுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "ரெண்டும் ஒண்ணா கையில வராது" என்றாள்.

வண்டி வந்தது. ஏறி ஜன்னலருகே உட்கார்ந்தாள். நம் பக்கத்தில் தெருக்கோடிக்குப் போகிறவன்கூட 'போறேன்' என்று சொல்ல மாட்டான். 'போயிட்டு வரேன்' என்பான். இவ்வளவு வருஷம் இந்த மண்ணில் பேசியவள், சண்டை போட்டவள், அதை அறியாதவள் அல்ல. என் கையைத் தொட்டு, "போறேன் யக்கா" என்றாள்.

அவளிடமிருந்து எந்தச் சேதியும் வரவில்லை. மடம் இருந்ததா, அந்தப் பெரியவர் இருந்தாரா, பிள்ளை பிழைத்ததா, ஒன்றும் எங்களுக்குத் தெரியாது. ரங்கூனுக்குப் போய்வந்தவர்கள் யாரைப் பார்த்தாலும் விசாரித்தேன். பிறகு அந்த நாட்டிலேயே சண்டை மூண்டு, போய்வருகிறவர்களும் நின்றுபோனார்கள். கலியபெருமாள் வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பேச்சும் குறைந்து, அறுபது வயதைக் காணாமலே போய்ச் சேர்ந்தான்.

நான் ஓய்வு பெறப் போகிற சமயத்தில் ஒரு நாள் ஒருவன் என் வீட்டு வாசலில் வந்து நின்றான். லாரி டிரைவர். சுண்ணாம்புக்கல் ஏற்றுகிற லாரி ரோட்டோரம் நின்றது. கண்ணைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. மா மியாவின் பையன் நடராசன். தகப்பன் சாகும்போதுதான் என்னைப் பற்றிச் சொன்னானாம்.

"அம்மா மூஞ்சி எனக்கு ஞாபகம் இல்லீங்க. அது பேசுன பேச்சுல ஏதாச்சும் சொல்லுங்க, கேட்டுக்கறேன்" என்றான்.

நான் யோசித்துப் பார்த்தேன். பேசாமல் விட்ட பேச்சு நிற்காது. வலிக்கிறதா, தலை, கண், பயப்படாதே, செத்துவிட்டது, சாகவில்லை. என்னிடம் மிச்சம் இருந்ததெல்லாம் ஆஸ்பத்திரிப் பேச்சு. அந்தப் பேச்சை நான் எதற்காகக் கற்றேனோ அதற்கு மட்டும்தான் அது எனக்கு வந்திருந்தது. ஒரு தாய் பிள்ளையிடம் பேசுகிற வார்த்தை ஒன்றுகூட எனக்குத் தெரியவில்லை. அவனிடம் அதை எப்படிச் சொல்வது என்று தவித்தேன்.

"சாப்புட வான்னு கூப்புடறதுன்னா எப்புடிங்க கூப்புடும்?" என்று அவனே கேட்டான்.

அது தெரிந்திருந்தது. கஞ்சித் தட்டோடு போகும்போது நான் சொன்னது.

"தமின் ஸா" என்றேன். "சோறு சாப்பிடுன்னு அர்த்தம்."

சொல்லிப் பார்த்தான். சரியாக வரவில்லை. இழுத்தான். மறுபடி சொல்லிக் காட்டினேன். லாரியில் கூட வந்த ஆள் ஹாரன் அடித்தான்; அவன் திரும்பிப் பார்க்கவில்லை. பல தடவை சொல்லி, கடைசியில் ஒரு தடவை அவளே சொன்ன மாதிரி வந்தது.

"சரியா இருக்குங்களா?"

"சரியா இருக்குப்பா."

எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டான். தலை குனிந்து தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, முணுமுணுத்தபடியே ரோட்டுக்குப் போனான். இந்தப் பக்கத்தில் என்னை விட்டால் அதை அவனுக்குச் சொல்ல ஆளில்லை. அவன் சொன்னால் புரிந்துகொள்ளவும் ஆளில்லை.